நம்மை அறிந்த மருத்துவர்

சென்ற ஆண்டு புரட்டாசியில் நம் தந்தையார் இரத்த அழுத்த மாத்திரையை ஒருவரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். வயது எழுபத்தாறு. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். காரணமின்றி எதையும் செய்கிறவர் அல்லர். இம்முறையும் காரணம் இருந்தது. அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. சில நாள் கழித்து அதே பொருளில் ஒரு துணுக்கை வார இதழிலும் படித்திருக்கிறார். இரண்டு சாட்சிகள் போதுமென்று நினைத்துவிட்டார். பதினோராம் நாள் காலை குளியலறை வாசலில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். மருத்துவமனையில் அளந்தபோது 210/120. பக்கவாதம் வராமல் தப்பியது நற்பேறு.

பணியில் இருந்த இளம் மருத்துவர் கடிந்துகொள்ளாமல்தான் கேட்டார்: "நிறுத்துறதுக்கு முன்னாடி யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, ஐயா?"

"யாரைக் கேட்கிறது, தம்பி?" என்றார் தந்தையார்.

அவர் வாதுக்காக அப்படிக் கேட்கவில்லை. உண்மையிலேயே கேட்பதற்கு ஆளில்லை. அவருடைய மருத்துவக் கோப்பைப் பிறகு புரட்டிப் பார்த்தோம். நான்கு ஆண்டுகளில் ஆறு மருத்துவர்களின் கையொப்பங்கள். இதயத்துக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர். ஒவ்வொருவரும் தத்தம் உறுப்பை நன்றாகவே கவனித்திருக்கிறார்கள். ஆனால் ஒரு செய்தித் துணுக்கை எடுத்துக்கொண்டு போய், 'இது மெய்யா?' என்று கேட்கத்தக்க உறவு அவர்களில் எவரோடும் தந்தையாருக்கு இல்லை.

முன்பு இருந்தது. எங்கள் ஊரில் கடைத்தெரு முனையில் ஒரு மருத்துவர் முப்பதாண்டுகளுக்கு மேல் இருந்தார். எம்.பி.பி.எஸ். மட்டும் படித்தவர். முன்னறையில் இரண்டு மரப்பெஞ்சுகள். திரைச்சீலைக்கு அப்பால் கம்பவுண்டர். மிக்ஸ்சர் புட்டியின் பக்கவாட்டில் வேளைக்கு இவ்வளவு என்று காட்டுவதற்காகக் காகிதத்தைப் பல் பல்லாகக் கத்தரித்து ஒட்டித் தருவார்கள். நம் வயதொத்த வாசகர்கள் அந்தக் காகிதப் பட்டையை மறந்திருக்கமாட்டார்கள். குடும்பத்துக்கு ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். யாருக்குப் பெனிசிலின் ஆகாது, எந்த வீட்டில் சர்க்கரை தலைமுறையாக வருகிறது, எந்த மருமகளுக்கு மாமியார் ஊருக்கு வரும்போதெல்லாம் தலைவலி வருகிறது என்பதெல்லாம் அதில் இருந்தன. அவர் தொழிலை விட்டபோது கம்பவுண்டர் அவரவர் நோட்டை அவரவரிடமே கொடுத்தார். தந்தையாரின் பக்கத்தில் ஓரத்தில் ஒரு குறிப்பு: 'காரணம் சொன்னால் கேட்பார். சொல்லாவிட்டால் மாத்திரை சாப்பிடமாட்டார்.'

அவரைத் தெய்வமாக்க விரும்பவில்லை. காய்ச்சல் என்று போனால் ஊசி போடாமல் அனுப்பியதில்லை. சளிக்கும் ஆன்டிபயாடிக் எழுதியிருக்கிறார். அது இன்று பெருந்தவறு என்று அறிவோம். அவர் கைக்கு மீறிய நோய்கள் பல இருந்தன. அவற்றில் சில இன்றைய ஸ்கேன் இருந்திருந்தால் முன்பே பிடிபட்டிருக்கும். அவருக்குக் கைவந்தது வேறொன்று. நாளிதழில் வந்த நறுக்கோடு யார் போனாலும் அதை வாங்கி முழுவதும் படிப்பார். பிறகு கேட்பார்: "இது நிஜமாவே இருக்கட்டும் சார். உங்களுக்கு எவ்வளவு நிஜம்?"

மருத்துவச் செய்திகளைப் பற்றி இதைவிடச் சரியான கேள்வியை நாம் கேட்டதில்லை. 1995 அக்டோபரில் பிரித்தானியாவில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளில் சில, இரத்தக்குழாயில் உறைகட்டி ஏற்படும் ஆபத்தை இருமடங்காக்கும் என்று அரசின் மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. செய்தித்தாள்கள் 'இருமடங்கு' என்பதைக் கொட்டை எழுத்தில் போட்டன. அது பொய்யன்று. ஆனால் பழைய வகை மாத்திரையை உண்ட 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது, புதியதில் இருவருக்கு வந்தது. அவ்வளவே. நூறு விழுக்காடு அதிகம் என்றாலும் சரி, ஏழாயிரத்தில் ஒருவர் கூடுதல் என்றாலும் சரி, கணக்கு ஒன்றுதான். கேட்கிறவரின் நெஞ்சு மட்டும் ஒன்றாக அடித்துக்கொள்வதில்லை. அஞ்சிய பெண்கள் பலர் மாத்திரையைப் பாதியில் விட்டனர். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் ஏறத்தாழ 13,000 கூடின என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கருவுற்றிருக்கும்போது உறைகட்டி வரும் ஆபத்து, அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பதுதான் இதில் வேதனை.

தந்தையாரை மருட்டிய செய்தியும் முழுப் பொய்யன்று. இரத்த அழுத்த மாத்திரைகளில் சில வகைகளை, கடும் வாந்தியோ பேதியோ கண்டு உடலில் நீர் வற்றியிருக்கும் வேளையில் உட்கொண்டால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். அப்போது இரண்டொரு நாள் நிறுத்திவைக்கும்படி மருத்துவர்களே சொல்வதுண்டு. அதே மாத்திரைகள்தாம் நீரிழிவு உள்ளவர்களுக்குச் சிறுநீரகத்தைக் காப்பதற்காகவும் தரப்படுகின்றன. கட்டுக்குள் வைக்காத இரத்த அழுத்தமே சிறுநீரகத்தின் பெரும்பகைகளுள் ஒன்று. இவ்வளவையும் சொல்ல ஐந்து நிமிடம் போதும். ஆனால் எதிரில் இருப்பவர் காரணம் கேட்கிற மனிதர் என்பதை அறிந்த ஒருவர் சொல்லவேண்டும். அந்த ஐந்து நிமிடம் கிடைக்காத இடத்தில் வாட்ஸ்அப் வந்து உட்கார்ந்துகொண்டது.

இத்தகைய மருத்துவத்தை வெறும் பழம்பெருமை என்று ஒதுக்குவோர்க்கு வேல்ஸ் நாட்டு மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட்டைக் காட்டலாம். 1961-இல் கிளின்காரக் என்ற நிலக்கரிச் சுரங்கச் சிற்றூருக்குப் போனார். ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். இரத்த அழுத்தம் அறிகுறி காட்டாது என்பதால், நோயாளி வரட்டும் என்று காத்திராமல், ஊரில் வயதுவந்த அனைவரின் அழுத்தத்தையும் அளந்து பதிந்து வைத்தார். வராதவர்களைத் தேடிச் சென்றார். கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 1991-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் கணக்கு வெளியாயிற்று. அருகிலிருந்த அதேபோன்ற சிற்றூரைவிட இங்கே அகால மரணங்கள் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தன. ஒரு மருத்துவர், ஓர் ஊர், ஒரு பதிவேடு. நல்ல மருத்துவம் எங்கே மிகுதியும் தேவைப்படுகிறதோ அங்கேதான் அது அரிதாகக் கிடைக்கிறது என்ற விதியை 1971-இல் வகுத்தவரும் இவரே.

நார்வேயில் 2001 முதல் ஒவ்வொருவருக்கும் பெயர் குறித்த ஒரு பொதுமருத்துவர் உண்டு. அந்நாட்டில் நாற்பத்தைந்து இலட்சம் பேரின் பதிவுகளை ஆய்ந்திருக்கிறார்கள். ஒரே மருத்துவரிடம் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்களுக்கு, ஓராண்டு மட்டும் இருந்தவர்களைவிட இறப்பு வாய்ப்பு கால் பங்கு குறைவு. அவசரமாக மருத்துவமனையில் சேர்வதும் அதே அளவில் குறைவு. உடல்நலம் சீராக இருப்பவர்களே மருத்துவரை மாற்றாமல் இருந்திருக்கலாம் என்று மறுப்பதற்கு இடமுண்டு. ஆனாலும் ஆண்டு கூடக் கூடப் பயனும் படிப்படியாகக் கூடுவதை அந்த மறுப்பால் எளிதில் விளக்கிவிட முடியாது என்றே நமக்குத் தோன்றுகிறது.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். இறுதிக் குறள் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறது: நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து கவனிப்பவன். அதற்கு முந்தைய குறளைத்தான் மாணவர்கள் விரைந்து கடந்துவிடுகிறார்கள். நாமும் பல ஆண்டு அப்படித்தான் கடந்தோம். மருத்துவன் எவற்றை அளந்தறிந்து செய்யவேண்டும் என்பதை வரிசைப்படுத்தும் அக்குறளில் நோயுற்றவனின் அளவு முதலில் நிற்கிறது. நோயின் அளவு அதற்குப் பிறகுதான். யாப்பு கருதி வைத்த வைப்பு என்று கொள்ளலாம். தந்தையாரின் நோட்டில் அந்த ஓரக் குறிப்பைக் கண்டபின் நமக்கு அப்படிக் கொள்ள மனம் வரவில்லை.

இனி நம் பங்கைச் சொல்லவேண்டும். குடும்ப மருத்துவர் தாமாக மறைந்துவிடவில்லை. எங்கள் மருத்துவர் தொழிலை விடுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அவருடைய பெஞ்சுகள் காலியாகத் தொடங்கிவிட்டன. தந்தையாருக்கு முதன்முதல் நெஞ்சு படபடத்தபோது, அவரைக் கேளாமல் நேரே நகரத்து இதய நிபுணரிடம் அழைத்துச் சென்றவர் நாம்தான். 'இவர் வெறும் எம்.பி.பி.எஸ்.தானே' என்று நாமே சொல்லியிருக்கிறோம். தலைவலிக்கு நரம்பியல் நிபுணர், வயிற்று உப்புசத்துக்குக் குடல் நிபுணர் என்று போகிற நடுத்தர வகுப்பே அந்த மரப்பெஞ்சைக் காலி செய்தது. எந்த உறுப்பில் கோளாறு என்பதை நோயாளியே முடிவு செய்துகொண்டு புறப்படுகிறார். அந்த முடிவைச் செய்வதுதான் குடும்ப மருத்துவரின் கலை என்பதை மறந்துவிட்டோம். இளம் மருத்துவர்கள் மேற்படிப்பின்றிக் கடைத்தெருவில் அமர விரும்புவதில்லை என்று குறைப்படுகிறோமே, அமர்ந்தால் யார் போகப்போகிறோம்?

கிராமத்திலிருக்கும் நம் அத்தைக்கு இந்தக் குறை அவ்வளவாக இல்லை என்பதையும் சொல்லவேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அவருக்குச் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வந்தது. கொண்டுவந்த பெண் மருத்துவரல்லர், தன்னார்வலர். ஆனால் மாதந்தோறும் அதே முகம். யாரோ வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்தால் மாத்திரையே வேண்டாம் என்றபோது, அத்தை நிறுத்துவதற்கு முன் அந்தப் பெண்ணைக் கேட்டிருக்கிறார். "ரெண்டும் சாப்பிடுங்க அத்தை, மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க. அடுத்த வாரம் டாக்டரம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றாராம். எம்.ஏ. படித்த பிள்ளையின் வீட்டில் தந்தையாருக்குக் கிடைக்காதது அது.

இப்போது எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் இளம் பெண் மருத்துவர் மாலை நேரத்தில் நோயாளிகளைப் பார்க்கிறார். தந்தையார் தம் பழைய நோட்டையும் அந்த வார இதழ்த் துணுக்கையும் எடுத்துக்கொண்டு போனார். அவர் துணுக்கைப் படித்துவிட்டு, ஒரு தாளில் சிறுநீரகத்தை வரைந்து விளக்கியிருக்கிறார். கட்டணம் இருநூறு ரூபாய். அடுத்த மாதம் வரச் சொன்னார். நாம் நினைவூட்டாமலே போய்வந்தார்.