தீவுகளை ஆண்டவர் யார்?

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் ஹெப்ரிடீஸ் என்னும் தீவுக் கூட்டம் உள்ளது. இடைக்காலத்தில் அத்தீவுகளுக்காகக் குலத்தலைவர்கள் நடத்திய போராட்டத்தைப் படிப்போர், துடுப்புக் கப்பல்களையும் வாள்வீச்சையுமே பெரிதாக அறிகின்றனர். அது பாதி வரலாறு என்பதே நம் கருத்து. வாள் தீவைப் பிடித்தது உண்மை. பிடித்ததை ஆளும் உரிமை பல வேளைகளில் ஒரு பெண்ணின் பிறப்பால் வந்தது.

சோமர்லெட் என்னும் தலைவரை எடுத்துக்கொள்வோம். அவர் 1156-ஆம் ஆண்டு மூன்று இராஜாக்கள் திருநாள் இரவில் தம் மைத்துனர் காட்ரெட் மன்னருடன் கடற்போர் புரிந்து, தீவுகளில் ஒரு பகுதியைப் பெற்றார். முன்னிறுத்தப்பட்டவனோ அவர் மகன் டூகல். அவனுக்கு ஏது உரிமை? அவன் தாய் ரக்னில்ட், மான் தீவு மன்னர் ஓலாஃபின் மகள், அதுதான் உரிமை. மான் தீவுத் துறவியர் எழுதிய வரலாற்று ஏடு, ரக்னில்டின் திருமணமே அரசின் வீழ்ச்சிக்குக் காரணம் என்கிறது. போரிட்டவர்கள் மைத்துனர்கள், பழி மணப்பெண்ணுக்கு! நல்ல நியாயம்தான்.

1266-இல் நார்வே இத்தீவுகளை ஸ்காட்லாந்து அரசருக்கு விட்டுக்கொடுத்தது. ஆயினும் குலத்தலைவர்களின் செல்வாக்குக் குறையவில்லை. சோமர்லெட்டின் வழிவந்த ஜான் மக்டொனால்டு, 1336-இல் தம்மைத் 'தீவுகளின் தலைவர்' என்றே எழுதிக்கொண்டார். அவர் மணந்தது மக்ருவரி குலத்து ஆமியை. நம் மனத்தை மிகவும் உறுத்துவது இவருடைய கதைதான். 1346-இல் ஆமியின் சகோதரர் ரானால்டு கொலையுண்டார். அவருடைய பரந்த நிலங்கள் ஆமியின் வழியாக ஜானின் கைக்கு வந்தன. நான்கே ஆண்டுகளில், 1350-இல், ஜான் வேறொரு திருமணம் செய்தார். மணமகள் மார்கரெட், பின்னாளில் ஸ்காட்லாந்து அரசரான ராபர்ட் ஸ்டூவர்டின் மகள். ஆமி விலக்கப்பட்டார் என்கிறது குல மரபுக் கதை. மனைவியின் இடம் போயிற்று. அவர் கொண்டுவந்த நிலம் போகவில்லை. ஆமியின் மகனுக்குத் தாய்வழி நிலங்களோடு சரி. தலைமைப் பட்டம் மார்கரெட்டின் மகன் டொனால்டுக்குச் சென்றது. அந்த டொனால்டு 1411-இல் ஹார்லாவில் பெரும்போர் நடத்தியதும் தம் மனைவி மரியோட்டாவுக்கு உரியதென்று கூறிய ராஸ் நாட்டிற்காகவே.

"உரிமை பெண்ணிடம் இருந்தது, அதிகாரம் இருந்ததா?" என்று தோழியர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ரக்னில்டும் ஆமியும் என்ன நினைத்தார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அதே சோமர்லெட்டுக்குப் பெத்தாக் என்றொரு மகள் இருந்தார். 1200-ஆம் ஆண்டையொட்டி அவர் சகோதரர் ஐயோனா தீவில் நிறுவிய கன்னியர் மடத்திற்கு இவரே முதல் தலைவி. நிலத்தோடு சேர்த்து இவரை யாரும் கைமாற்றவில்லை.

தீவுத் தலைமையை 1493-இல் நான்காம் ஜேம்ஸ் அரசர் பறித்துக்கொண்டார். அப்பட்டம் இன்று பிரிட்டிஷ் இளவரசரின் பட்டங்களுள் ஒன்று. பெத்தாக்கின் மடமோ அதற்குப் பின்னும் பதினாறாம் நூற்றாண்டின் சமயக் கலகம் வரை நடந்தது. இளஞ்சிவப்புக் கற்களாலான அதன் சுவர்கள் கூரையின்றி இன்னும் ஐயோனாவில் நிற்கின்றன.