பலமான கைதான் கேட்கவேண்டும்!



சீட்டுக்கட்டு என்றாலே நம் வீடுகளில் முகம் சுளிப்பார்கள். எங்க அப்பாவைப் பொறுத்தவரை அது வாரக்கூலி தொலைகிற இடம். ஆனால் நான் எழுத வந்தது காசு வைக்காமல் ஆடும் கான்ட்ராக்ட் பிரிட்ஜ் பற்றி. 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. ஆண்கள் ஜோடிப் பிரிவில் பிரணப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் இருவரும் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தார்கள். ஆகவே, இது சூதாட்டம் அல்ல, விளையாட்டு!

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு ஜோடி. ஆளுக்கு 13 சீட்டு. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று கையை எடை போடுவோம். கட்டு மொத்தத்துக்கும் 40 புள்ளி. பிறகு, எது துருப்பு, எத்தனை பிடி எடுப்போம் என்று ஏலம். சொல்லும் எண்ணோடு 6 கூட்டிக்கொள்ளவேண்டும். 'நாலு' என்றால் 10 பிடி. ஜோடியிடம் பேசக்கூடாது, கண் காட்டக்கூடாது. 35 ஏலங்கள், அதோடு பாஸ், டபுள், ரீடபுள். நமக்கு அனுமதித்த பாஷை அவ்வளவுதான்!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஜோடி 'ஒரு இஸ்பேட்' என்று ஆரம்பிக்கிறார். என் கையில் இஸ்பேட் ராஜா, ராணி, 7, 3. ஆர்ட்டின் ஏஸ், 6, 4. டைமன் ராஜா, ராணி, 5, 2. கிளாவர் 8, 4. மொத்தம் 14 புள்ளி, துருப்பும் நாலு. நம்ம ஹாஸ்டலில் இந்தக் கை வந்தால் உடனே என்ன சொல்வார்கள்? "நாலு இஸ்பேட்!" எல்லோரும் பாஸ். கேம் கிடைத்துவிட்டது, சந்தோஷம். இது சரியில்லை என்பதே என் கருத்து.

ஏன்? ஜோடியின் கையைப் பாருங்கள். இஸ்பேட் ஏஸ், ஜாக்கி, 10, 8, 5. ஆர்ட்டின் ராஜா, ராணி, 7. டைமன் ஏஸ், ஜாக்கி, 9, 4. கிளாவர் ஒற்றைச் சீட்டு. இஸ்பேட்டில் 5, ஆர்ட்டினில் 3, டைமனில் 4, ஆக 12 பிடி கையிலேயே இருக்கிறது! போவது ஒரே ஒரு கிளாவர். 'ஆறு இஸ்பேட்' கேட்டிருந்தால் 980. நாலில் நின்று 12 பிடி எடுத்தால் 480. மீதி 500 எங்கே போனது? கேட்காததால் போனது!

இரண்டு கையும் சேர்ந்தால் 29 புள்ளிதான். பன்னிரண்டு பிடிக்கு 33 வேண்டும் என்பது பொதுக் கணக்கு. எண்ணிக்கை மட்டும் பார்த்தால் இது தெரியாது. இதற்குத்தான் ஆஸ்வால்ட் ஜேக்கபி ஒரு வழி வைத்தார். ஜோடி ஒரு இஸ்பேட் சொன்னதும் 'இரண்டு நோ டிரம்ப்' என்பது: "எனக்கு நாலு துருப்பு உண்டு, கேம் நிச்சயம், உன் கையைச் சொல்" என்று அர்த்தம். அவர் 'மூன்று கிளாவர்' என்றால் கிளாவரில் ஒரு சீட்டுக்கு மேல் இல்லை. என் புள்ளி ஒன்றுகூட கிளாவரில் இல்லை. அத்தனையும் வேலை செய்யும். அடுத்து ஈஸ்லி பிளாக்வுட் கண்ட 'நாலு நோ டிரம்ப்' கேட்டால், ஏஸ் இரண்டு என்று 'ஐந்து ஆர்ட்டின்' வரும். முடிந்தது!

வேடிக்கை என்னவென்றால், இந்த முறையில் துருப்பு ஐந்து வைத்துக்கொண்டு புள்ளி இல்லாதவன்தான் ஒரேயடியாக நாலுக்குத் தாவுவான், எதிராளி வாயை அடைக்க. பலமான கை மெதுவாகப் போகும்.

"கேட்டால் எதிராளிக்கும் தெரிந்துவிடுமே?" என்று சில நண்பர்கள் வாதிடுகிறார்கள். உண்மைதான். நடுத்தரக் கைக்கு அது பொருந்தும். ஆனால் மேலே சொன்ன கையில் தெரிந்து என்ன செய்வார்கள்? கிளாவர் ஏஸ் ஒன்றைத் தவிர அவர்களால் எதைப் பிடிக்கமுடியும்?

நண்பர்களே, எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். "டிப்ளமோ முடிச்சா போதும்பா, ஏதாவது ஒரு வேலை" என்கிறார்கள். அது அவர்கள் பார்த்த கஷ்டம் பேசுவது, குறை சொல்லமாட்டேன். ஆனால் டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம் என்பதை நம்மில் எத்தனை பேர் ஆபீஸில் போய் விசாரித்திருக்கிறோம்? மார்க் இருந்தும் நாலிலேயே நின்றுவிடுகிறோம். விசாரித்துவிட்டு வேலைக்கே போகலாம், தப்பில்லை. விசாரிக்காமல் பாஸ் சொல்வதுதான் நஷ்டம்.

நல்ல கை தினமும் வராது. வந்த அன்று அவசரப்படாமல் கேட்போம்!