ஹாலோவீன் எண்ட்ஸ் - முகமூடி வராத பாதிதான் படம்

முன்னெச்சரிக்கை: கதையை முழுசா, க்ளைமாக்ஸ் வரைக்கும் சொல்லப் போறேன். பார்க்கணும்னு இருக்கிறவங்க பார்த்துட்டு வாங்க. அப்புறம், பிள்ளைங்களை மடியில வச்சுக்கிட்டு பார்க்கிற படம் இல்லை இது. அமெரிக்காவிலேயே 'ஆர்' சான்றிதழ்.

ஹாலோவீன் வரிசையில 13வது படம். டேவிட் கார்டன் கிரீன் இயக்கி 2022 அக்டோபர்ல தியேட்டர்லயும் பீகாக் ஓடிடியிலயும் ஒரே நாள்ல வந்தது. ரசிகர்கள் கழுவிக் கழுவி ஊத்தினாங்க. நான் எதிர்க்கட்சி. இந்தக் கும்பல்ல புதுசா ஏதோ சொல்ல வந்த ரொம்பச் சில படங்கள்ல இதுவும் ஒண்ணு. சொல்ல வந்ததைக் கடைசி அரை மணி நேரத்துல அவங்களே கையால அழிச்சுட்டாங்க, அதுதான் என் ஆத்திரம்.

கொஞ்சம் பழைய கதை. 1978ல ஜான் கார்பெண்டர் சுமார் மூணு லட்சம் டாலர் செலவுல முதல் படத்தை எடுத்தார். கேப்டன் கிர்க் முகமூடியை வாங்கி வெள்ளை பெயிண்ட் அடிச்சு மாட்டினா வில்லன் ரெடி. பின்னணி இசையும் அவரே. (அதே 1978 அக்டோபர்லதான் நம்ம பாரதிராஜாவோட 'சிகப்பு ரோஜாக்கள்' வந்துச்சு. அங்க ஒரு கொலைகாரன், இங்க ஒரு கொலைகாரன். நம்மாளு கோட் சூட் போட்ட முதலாளி, அவ்வளவுதான் வித்தியாசம்.) அதுக்கப்புறம் நடந்தது தலைசுத்தல். 1981ல ரெண்டாவது பாகத்துல லாரியும் மைக்கேலும் அண்ணன் தங்கச்சின்னாங்க. 1982ல மூணாவது பாகத்துல மைக்கேலே கிடையாது, ஜனங்க ஏத்துக்கலை. 1998ல லாரி அவன் தலையை வெட்டினா. 2002ல, அது அவன் தலையே இல்லை, வேற ஆளுக்கு முகமூடி மாட்டிவிட்டுட்டான்னு கூசாம சொன்னாங்க. நம்ம ஊர் மெகா சீரியல் தோத்துடும். 2018ல கிரீன் வந்து, முதல் படத்தைத் தவிர எல்லாத்தையும் மறந்துடுங்கன்னு புதுசா ஆரம்பிச்சார். அது 25 கோடி டாலருக்கு மேல வசூல். 2021ல 'ஹாலோவீன் கில்ஸ்'. அப்புறம் இது.

இந்தப் படம் லாரிகிட்டயோ மைக்கேல்கிட்டயோ ஆரம்பிக்கலை. கோரி கன்னிங்ஹாம்னு ஒரு பையன். 2019 ஹாலோவீன் ராத்திரி ஒரு வீட்டுல குழந்தையைப் பார்த்துக்க வர்றான். அந்தச் சின்னப் பையன் வாலு. விளையாட்டா இவனை மாடி அறையில வச்சு பூட்டிடறான். இவன் பயந்துபோய் கதவை உதைக்கிறான். கதவு திறந்த வேகத்துல வெளிய நின்ன குழந்தை மாடிப்படியைத் தாண்டி கீழே விழுந்து செத்துப் போகுது, அப்பா அம்மா வாசல்ல காலை வைக்கிற அதே நேரத்துல.

ஹாலோவீனோட பயமே எப்பவும் இதுதான். 1978லயும் லாரி ஒரு பேபி சிட்டர்தான். தாத்தா பாட்டி ஆயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் இருக்க, பிள்ளையை ஆயாகிட்டயோ பக்கத்து வீட்டுப் பொண்ணுகிட்டயோ விட்டுட்டு ஆபீஸ் போற நமக்கு இந்தக் காட்சி எங்க குத்தும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனா படம் கேக்கிற கேள்வி வேற. பெத்தவங்களைப் பத்தி இல்லை, பார்த்துக்கிட்ட அந்தப் பையனைப் பத்தி. கோர்ட் அவனை விட்டுடுச்சு. ஊர் விடலை.

மூணு வருஷம் கழிச்சு அவன் மாற்றாந்தகப்பனோட காயலான் கடையில வேலை பார்க்கிறான். ஸ்கூல் பசங்க வழிமறிச்சு கிண்டல் பண்றாங்க. பார்ட்டிக்குப் போனா செத்த குழந்தையோட அம்மா எதிர்ல நிக்கிறாங்க. லாரிக்கும் அதே கதிதான். அவளாலதான் மைக்கேல் வந்தான்னு கடைத்தெருவுல வச்சுத் திட்டறாங்க. யாரும் கத்தி எடுக்கலை, ஒவ்வொருத்தரும் ஒரு வார்த்தைதான் சொல்றாங்க. அந்தப் பசங்க பாலத்துல இருந்து தள்ளிவிட்டு, சாக்கடைக் குழாய்க்குள்ள மைக்கேல்கிட்ட அவன் போய்ச் சேர்ற நேரத்துக்குள்ள, பாதி மைக்கேலை ஊரே செஞ்சு முடிச்சிருக்கு. மைக்கேல் அவன் கண்ணைப் பார்க்கிறான், விட்டுடறான். எனக்கு உண்மையிலேயே சில்லுனு ஆச்சு.

ரசிகர்கள் கோபம் எல்லாம், மைக்கேல் எங்கடா, யாருடா இந்தக் கோரிங்கிறதுதான். டைட்டில் எழுத்தையே மூணாவது பாகத்தோட நீல எழுத்து மாதிரி போட்டிருக்காங்க. "இதுலயும் நீங்க எதிர்பார்க்கிறது வராது"ன்னு முதல்லயே சொல்லிட்டாங்க, அப்புறம் என்ன புகார்? கோரிக்கும் லாரியோட பேத்தி அலிசனுக்கும் ரெண்டே சந்திப்புல வர்ற காதலைத் திட்டுங்க, நானும் சேர்ந்துக்கறேன். மகா செயற்கை.

என் புகார் க்ளைமாக்ஸ் மேல. கோரி தன் கழுத்துல தானே கத்தியை இறக்கிக்கிறான், மைக்கேல் வந்து மிச்சத்தை முடிக்கிறான், அவனுக்கு எழுதின கதை அங்க அப்படியே அறுந்துபோச்சு. அப்புறம் சமையலறையில லாரியும் மைக்கேலும் சண்டை. ஜேமி லீ கர்டிஸ் அறுபது வயசைத் தாண்டியும் அசத்தறாங்க, மறுக்கலை. அதுக்கப்புறம் ஊரே வண்டி கட்டி ஊர்வலமா பொணத்தைக் காயலான் கடைக்குக் கொண்டுபோய், இரும்பு நொறுக்கற மெஷின்ல போடறாங்க. அதை ஏதோ ஊர் குணமான மாதிரி காட்டறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு எரிஞ்சுது. இதே ஊர்க் கும்பல்தான் 'கில்ஸ்'ல சம்பந்தமே இல்லாத ஒரு நோயாளியை மைக்கேல்னு நினைச்சு ஆஸ்பத்திரிக்குள்ள துரத்தி, அவன் மேல இருந்து குதிச்சுச் சாகற வரைக்கும் விடலை. கோரியை ஒதுக்கி ஒதுக்கி அப்படி ஆக்கினதும் இவங்கதான். ஒரு மணி நேரம் இவங்களைக் குற்றவாளிக் கூண்டுல நிக்க வச்ச டைரக்டர், கடைசியில இவங்க கையிலயே பொணத்தைக் கொடுத்து விடுதலை பண்ணிட்டார். அந்தக் கூட்டத்துல ஒருத்தர் முகத்துலயாவது கோரி பேர் ஓட வேண்டாமா?

பேர்ல 'எண்ட்ஸ்' இருக்கேன்னு நம்பினவங்களுக்கு ஒரு தகவல். படம் வந்து ஒரே வருஷத்துல, 2023 அக்டோபர்ல, ஹாலோவீனோட டிவி உரிமையை மிராமாக்ஸ் வாங்கிட்டாங்க :-)

பார்க்கறதா இருந்தா 1978, 2018, அப்புறம் இது, இந்த வரிசையில பாருங்க. 'கில்ஸ்'ல அந்த ஆஸ்பத்திரிப் பகுதி மட்டும் போதும். பசங்க தூங்கினப்புறம்.