விறகு ஏற்ற எந்தக் கன்வேயர்?

2022இல் எரிவாயுவுக்கும் டீசலுக்கும் தட்டுப்பாடு வந்தபோது நம் நாட்டின் பல பேக்கரிகள் விறகைத் தேடின. தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் விறகு தேவை. ஆகவே, பிளந்த விறகை லொறியில் ஏற்றக் கன்வேயர் வாங்க விறகு வியாபாரிகள் விரும்புவது நியாயமே. ஆனால், மலிவென்று கல்லுடைக்கும் ஆலையின் பழைய இறப்பர் பெல்ட்டை வாங்குவது புத்திசாலித்தனமல்ல என்பதே எனது அபிப்பிராயம்.

வழுவழுப்பான பெல்ட் சமதரையில் நன்றாக ஓடும். சரிவு 20 பாகையைத் தாண்டினால் விறகு வழுக்கத் தொடங்கும். பட்டையும் சிராய்களும் உருளைகளில் சிக்கிப் பெல்ட்டைப் பழுதாக்கும்.

இரும்புத் தொட்டிக்குள் சங்கிலி ஓட, அதில் பொருத்திய குறுக்குச் சட்டங்கள் விறகைத் தள்ளிச் செல்லும் வகையே இதற்குப் பொருத்தம். விலை கூடினாலும் 30 பாகைச் சரிவிலும் அது ஏற்றும். அந்தச் சரிவில் 10 அடி உயரத்துக்கு 20 அடி நீளம் வேண்டும். உங்கள் வளவில் அவ்வளவு இடமுண்டா என முதலில் அளந்து பாருங்கள். த்ரீ ஃபேஸ் மின்சாரம் இல்லையென்றால் அதற்கேற்ற மோட்டாரை அல்லது என்ஜினைக் கேளுங்கள்.

நாளுக்கு ஒரு லொறி மட்டுமே ஏற்றுவோருக்கு இச்செலவு தேவையில்லை. இரு தொழிலாளர் போதும்.

வாங்குவோர் சங்கிலிக்கும் பற்சக்கரத்துக்கும் மூடியும், கைக்கெட்டும் தூரத்தில் நிறுத்தும் பொத்தானும் இல்லாத இயந்திரத்துக்கு முற்பணம் கொடுக்க வேண்டாம். ஆபத்தான பாகங்களுக்குப் பாதுகாப்பு வேண்டுமென 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமே கூறுகிறது. கூலியில் மிச்சம் பிடிக்கலாம். தொழிலாளியின் விரல் போனால் திரும்ப வராது.