குப்பை வண்டிக்குப் போகும் ஊசி

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

2024 டிசம்பரில் நம் திருநெல்வேலிப் பக்கம் நடுக்கல்லூர், கோடகநல்லூர், பழவூர் பகுதிகளில் கேரளத்து மருத்துவக் கழிவைக் கொண்டுவந்து கொட்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மூன்று நாளில் அள்ளச் சொல்லி உத்தரவு போட்டது. கேரள அதிகாரிகளே லாரிகளோடு வந்து திருப்பி எடுத்துப் போனார்கள். இப்படிக் கொட்டுகிறவர்களைக் குண்டர் சட்டத்தில் பிடிக்க 2025-ல் நம் சட்டமன்றம் திருத்தமும் நிறைவேற்றியது. அந்த வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழு கொதித்துப் போனது. நியாயமான கோபம்தான்.

ஆனால் அந்தக் குழுவில் இருக்கிற எத்தனையோ வீடுகளில் தினமும் சர்க்கரைக்கு ஊசி போடுகிறார்கள். போட்ட ஊசி எங்கே போகிறது என்று நான் கேட்டால் பாதிப் பேருடைய பதில் "குப்பை வண்டிக்குத்தான் டீச்சர்" என்பதுதான்.

கணக்குப் போடுங்கள். ஒருவருக்கு நாளைக்கு 2 ஊசி என்றால் வருடத்துக்கு 730. ஒரு தெருவில் இப்படி 5 பேர் இருந்தால் 3,650. விரலில் குத்தி ரத்தம் பார்க்கிற சின்ன ஊசியை இதில் சேர்க்கவே இல்லை. ஒரு தெருவுக்கே இவ்வளவு.

இதே ஊசியை ஆஸ்பத்திரியில் போட்டிருந்தால் கதை வேறு. 2016-ல் வந்த உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி ஊசி, பிளேடு மாதிரிக் கூரான பொருளெல்லாம் குத்தினாலும் துளை விழாத வெள்ளை டப்பாவுக்குள் போக வேண்டும். ரத்தம் பட்ட பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சள் பைக்கு, குளுக்கோஸ் ஏற்றிய டியூப் சிவப்புப் பைக்கு, கண்ணாடி மருந்துக் குப்பி நீலப் பெட்டிக்கு. ஒவ்வொன்றிலும் பார்கோடு. சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. எல்லா ஆஸ்பத்திரியும் இதை ஒழுங்காகச் செய்கிறதா என்றால், நடுக்கல்லூரே பதில் சொல்லும். இருந்தாலும் கேட்பதற்கு ஒரு விதி இருக்கிறது, தவறினால் பிடிப்பதற்கு ஆள் இருக்கிறது. வீட்டு ஊசியைப் பற்றி யாரும் யாரையும் கேட்பதில்லை.

எங்கள் தெருவுக்குத் தள்ளுவண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் பெண் ஒருநாள் பெருவிரலில் துணி சுற்றிக்கொண்டு வந்தாள். என்னம்மா என்று கேட்டேன். "ஊசி டீச்சர். மக்கும் குப்பை, மக்காத குப்பைன்னு நாங்கதானே கையை விட்டுப் பிரிக்கணும்" என்றாள். கையுறை தரவில்லையா என்றேன். "தந்திருக்காங்க. ஊசி அதுலயும் நுழைஞ்சிருதே." ஆஸ்பத்திரிக்குப் போனாயா என்று கேட்டதற்குச் சிரித்தாள். ஒருநாள் சம்பளம் போகும் என்பது அந்தச் சிரிப்புக்கு அர்த்தம்.

கிருமி உள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் என்ன ஆகும் என்று மருத்துவ ஊழியர்களிடம் எடுத்த கணக்கு இருக்கிறது. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 30 வரை. ஹெபடைடிஸ் சி நூற்றுக்கு 2, 3. எச்.ஐ.வி. ஆயிரத்துக்கு 3. குப்பையில் காய்ந்து கிடந்த ஊசிக்கு இது குறையும், பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. ஆனால் ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே ஒரு வாரம் வரைகூட உயிரோடு இருக்கும். குத்துப்பட்டவளுக்கு அது யார் வீட்டு ஊசி, அவருக்கு என்ன நோய் என்று எப்படித் தெரியும்? நம் வீட்டுத் தாத்தாவுக்குச் சர்க்கரை மட்டும்தான் என்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாதே.

"மூடியைப் போட்டுத்தானே எறிகிறோம்" என்று சிலர் சொல்வார்கள். வண்டியில் நசுங்கும்போது அந்த மூடி நிற்காது. "கொளுத்திவிடுகிறோம்" என்பவர்களுக்கு: உலோகம் எரியாது, பிளாஸ்டிக் புகை உங்கள் வீட்டுக்குள்ளேயேதான் வரும்.

குறை நம்மிடம் மட்டும் இல்லை. அதே 2016-ல் வந்த திடக்கழிவு விதிகள் வீட்டு ஊசி, காலாவதியான மாத்திரை இவற்றை வீட்டு அபாயக் கழிவு என்று தனியாகவே பிரித்திருந்தன. 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் வைப்பது உள்ளாட்சியின் பொறுப்பு என்றும் சொல்லியிருந்தன. உங்கள் ஊரில் அது எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியுமா? எங்கள் தெருவில் நான் விசாரித்த ஒருவருக்கும் தெரியவில்லை. முடியாத காரியம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2020-ல் கொரோனா வந்த வீடுகளுக்கு மஞ்சள் பை கொடுத்துத் தனியாக வாங்கிப் போனார்களே.

என் கருத்து இதுதான். ஊசி விற்கிற இடமே போட்ட ஊசியைத் திரும்ப வாங்க வேண்டும். மெடிக்கல் ஷாப், ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாவற்றிலும் ஒரு வெள்ளை டப்பா இருக்கட்டும். ஆஸ்பத்திரிக் கழிவை எடுக்க வரும் வண்டி அதையும் எடுத்துப் போகட்டும். அதற்கு ஆகிற செலவை ஊசி விலையில் சேர்த்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அதுவரைக்கும் வீட்டில் செய்யக்கூடியது சுலபம். தரை துடைக்கிற லோஷன் வந்த கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து வையுங்கள். ஊசி போட்ட கையோடு, வளைக்காமல் அதற்குள் போடுங்கள். முக்கால் பாகம் நிறைந்ததும் மூடியை இறுக்கி, டேப் ஒட்டி, மேலே பெரிதாக "ஊசி" என்று எழுதுங்கள். நீங்கள் வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரியிலோ லேபிலோ வாங்கிக்கொள்வீர்களா என்று கேளுங்கள். எங்கள் வீட்டுக்காரரின் பாட்டிலை அவர் மாதாமாதம் ரத்தப் பரிசோதனைக்குப் போகும் லேபில் வாங்கிக்கொள்கிறார்கள். முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு பழகிவிட்டது. யாரையாவது ஊசி குத்திவிட்டால் பிதுக்க வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை.

கமெண்டில் எனக்கு இரண்டு விஷயம் வேண்டும். உங்கள் ஊரில் எந்த ஆஸ்பத்திரி, எந்த லேப் வீட்டு ஊசியை வாங்குகிறது என்று எழுதுங்கள், நான் ஒரு பட்டியல் போட்டு எல்லோருக்கும் அனுப்புகிறேன். என்னிடம் படித்து இன்று மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிற பிள்ளைகள் மூன்று நான்கு பேர் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். கடையில் ஒரு டப்பா வைக்க என்ன அனுமதி வேண்டும் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் விசாரித்துச் சொல்லுங்கள். மனு எழுத வேண்டும் என்றால் நான் எழுதித் தருகிறேன்.