பேட்டரி மேல் பழி போடும் முன்

2012-ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு வெளியே இருந்த நமக்கெல்லாம் நாளுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் கிடையாது. அந்த வருஷம்தான் எங்கள் வீட்டுக்கு இன்வெர்ட்டர் வந்தது. ராத்திரி ஃபேன் ஓடினால் போதும் என்று வாங்கினோம்.

மூன்று வருஷமாக நிலைமை வேறு. பக்கவாதம் வந்த பிறகு என் மனைவி ஏர் பெட்டில்தான் படுத்திருக்கிறாள். அதன் பம்ப் நின்றால் மெல்லக் காற்று இறங்கி, உடம்பு பலகையில் போய்ப் பதியும். படுக்கைப்புண் என்றால் என்னவென்று, வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

போன ஆடியில் ஒரு ராத்திரி காற்றுக்குக் கரண்ட் போனது. பத்தே நிமிஷத்தில் இன்வெர்ட்டர் கத்திவிட்டு அணைந்திருக்கிறது. காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குகிறவன் நான். விடியற்காலையில் எழுந்து பார்த்தால் படுக்கை தட்டையாகக் கிடக்கிறது. "எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமா?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

காலையில் சார்ஜை நிறுத்திவிட்டு மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். 12.7 வோல்ட். "பேட்டரி நல்லாத்தான் இருக்கு, இன்வெர்ட்டர்தான் கோளாறு" என்று தீர்ப்பு சொல்லிவிட்டேன். சாயந்திரம் வந்த கடைக்காரத் தம்பி ஸ்விட்சைப் போட்டார், அணைந்தது. "பேட்டரி போச்சு சார், மாத்திடலாம். பதினாறாயிரம் ஆகும்" என்றார். இரண்டு பேர், இரண்டு தீர்ப்பு. இரண்டும் தப்பு.

எனக்குத்தான் வெட்கம் அதிகம். 34 வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவன். இரண்டு வோல்ட் செல் 24-ஐ வரிசையாக இணைத்து 48 வோல்ட் எடுக்கும் பேட்டரி அறையில் பாதி நாள் கழித்தவன். சும்மா இருக்கிற பேட்டரியை அளந்து பிரயோஜனம் இல்லை, லோடு ஓடும்போதுதான் அளக்கணும் என்று எங்கள் சீனியர் தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்தார். ரிட்டயர் ஆனதும் அதையும் ஆபீசிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன் போல.

மறுநாள் இரண்டு ஃபேன், லைட், பம்ப் எல்லாவற்றையும் போட்டு அளந்தேன். சுமார் 20 ஆம்பியர் இழுத்திருக்கும். பேட்டரியின் ஈயக் கம்பத்தில் 12.3 இருக்கிறது. அதே ஒயர் இன்வெர்ட்டருக்குள் நுழையும் இடத்தில் 10.4. நடுவில் ஏறக்குறைய இரண்டு வோல்ட் எங்கே போனது? மீட்டரின் ஒரு முனையைக் கம்பத்திலும் இன்னொன்றை அதில் மாட்டியிருந்த லக்கிலும் வைத்தேன். இருக்கிற இரண்டும் அங்கேயே நின்றது. தொட்டால் சுட்டது. பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்த இணைப்பு. தண்ணீர்க் குழாயில் அடைப்பு இருந்தால், மூடி வைத்திருக்கும்வரை பிரஷர் சரியாகவே காட்டும். திறந்தால்தான் நூலாக ஒழுகும். அதே கதை. இன்வெர்ட்டர் பாவம், பத்தரைக்குக் கீழே வந்ததும் பேட்டரி காலி என்று நினைத்து அணைந்துகொண்டது.

மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்து, முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் கழற்றினேன். பேட்டரி மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு, வெந்நீரில் கரைத்த ஆப்ப சோடாவைப் பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்தேன். சோடா உள்ளே இறங்கினால் ஆசிட் கெட்டுவிடும். உப்புத்தாள் போட்டு, துடைத்து, பாசிட்டிவை முதலில் மாட்டி இறுக்கி, மேலே வாசலின் தடவினேன். மோதிரத்தைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். அறையில் பீடி, சிகரெட், விளக்கு எதுவும் கூடாது, ஹைட்ரஜன் வரும் இடம். கை நடுக்கம் இருப்பவர்கள் ஆள் வைத்துச் செய்வதே நல்லது. செலவு, வாசலின் டப்பா மட்டும்.

எல்லா பேட்டரியையும் இப்படிக் காப்பாற்றலாம் என்று சொல்லவில்லை. ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்த்தேன், ஆறு செல்லும் 1230-க்கும் 1240-க்கும் நடுவில் ஒன்றுபோல் இருந்தன. ஒரு செல் மட்டும் ஐம்பது புள்ளி கீழே கிடந்தால் நானே பதினாறாயிரத்தை எடுத்துக் கொடுத்திருப்பேன். அந்தத் தம்பி ஏமாற்றப் பார்த்தார் என்றும் நினைக்கவில்லை. நாளுக்குப் பத்து வீடு ஏறி இறங்குகிறவர், பேட்டரி மாற்றினால் கோளாறு தீர்ந்துவிடும் என்று நம்புகிறார். லக்கையும் சேர்த்துப் புதிதாக இறுக்குவதால் பல சமயம் தீரவும் செய்யும்! ஆனால் நம் வயதில் பென்ஷனில் பதினாறாயிரம் சின்னத் தொகை இல்லை. யார் வந்து பேட்டரி போச்சு என்றாலும், "தம்பி, ஃபேனைப் போட்டுட்டு ஒரு தடவை அளந்து காட்டுப்பா" என்று கேளுங்கள். அளக்க மீட்டரே கொண்டு வராதவரிடம் பேட்டரி வாங்க வேண்டாம் என்பது என் கட்சி.

இப்போது மாதப் பிறப்பன்று மெயினை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் ஓட விடுகிறேன். காது மெஷினையும் கழற்றுவதில்லை. "ராத்திரி அதை மாட்டிக்கிட்டா காது வலிக்குமேங்க" என்கிறாள். கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.