காலிங் பெல் அடிக்கும்போது அடுப்பு அணைந்திருக்கட்டும்

வாழைக்காய் பஜ்ஜி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால், வீட்டுக்கு நாலு பேர் வருகிற நாளில் மட்டும் அதைச் செய்ய மாட்டேன். அதற்குக் காரணம் ஒரு பழைய சாயங்காலம்.

அப்போது நாங்கள் திருச்சியில் இருந்தோம். நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். பம்பாயிலிருந்து பெரியம்மா வந்திருந்தார். அம்மாவுக்கு ஒரே அக்கா. இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பார்த்தால் அதிகம். அன்று ராத்திரியே ரயில். கையில் இருந்தது மூன்று மணி நேரம். அக்கா வந்திருக்கிறாளே என்று அம்மா அடுக்களைக்குள் போனவர்தான். முதலில் பஜ்ஜி, பிறகு கேசரி, அப்புறம் "பெரியப்பாவுக்குக் கொடுத்து அனுப்பணும்" என்று ரிப்பன் பக்கோடா. நடுநடுவே தட்டோடு வெளியே வருவார். "சூடா இருக்கு, இன்னும் ரெண்டு போட்டுக்கோக்கா" என்பார். எண்ணெய் காய்கிறது என்று ஓடிவிடுவார்.

பெரியம்மா கூடத்தில் அப்பாவிடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். 1982-ல் தொடங்கிய பம்பாய் மில் வேலைநிறுத்தத்தில் பெரியப்பாவுக்கு வேலை போய்விட்டிருந்தது. வளையலை விற்றுத்தான் அந்த வருஷம் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியிருக்கிறார்கள். இதெல்லாம் அம்மாவுக்கு எப்போது தெரிந்தது என்றால், ரயில் ஏற்றிவிட்டு வந்த பிறகு. கடாயைத் தேய்த்துக்கொண்டே, "அக்கா ரொம்ப நேரம் என்னமோ சொல்லிட்டு இருந்தாளே, என்ன?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா சொன்னார். அம்மா தேய்ப்பதை நிறுத்தினார். "கையில வளையல் இல்லாததைக்கூட நான் பாக்கலையே" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அன்று அம்மா எதுவும் பேசவில்லை.

ஆகவே, விருந்தினருக்கான பலகாரம் என்று யார் யோசனை கேட்டாலும் நான் முதலில் ருசியைப் பார்ப்பதில்லை. கணக்குப் போடுவேன். பத்துப் பேருக்கு ஆளுக்கு மூன்று பஜ்ஜி என்றால் முப்பது. நம் வீட்டுக் கடாயில் ஒரு தடவைக்கு ஐந்து விழும். வெந்து எடுக்க நாலு நிமிஷம். ஆறு ஈடு என்றால் அரை மணி நேரம்தானே என்று தோன்றும். ஆனால், பஜ்ஜி ஆறினால் தொய்ந்துவிடும். அதனால் மொத்தமாகப் போட்டு வைக்க முடியாது. அவர்கள் சாப்பிடச் சாப்பிட நாம் போட வேண்டும். அரை மணி நேரம் ஒரு மணி நேரமாகும். வந்தவர்களுக்கு வயிறு நிறையும், நமக்கு எண்ணெய்ப் புகைதான்.

என் வீட்டில் ஒரே சட்டம்: காலிங் பெல் அடிக்கும்போது அடுப்பு அணைந்திருக்க வேண்டும். இந்தச் சட்டத்துக்கு உட்பட்ட பண்டங்கள் நம் ஊரிலேயே நிறைய இருக்கின்றன. அதில் முதல் இடம், கல்யாணமாகி சேலம் வந்த பிறகு நான் கற்றுக்கொண்ட தட்டுவடை செட்டுக்கு.

சேலத்துக்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னத் தட்டைதான் தட்டுவடை. இரண்டு தட்டைக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம், ஒரு பச்சைச் சட்னி, ஒரு காரச் சட்னி வைத்து மூடினால் ஒரு செட். சேலத்துத் தெருக்களில் சாயங்காலம் தள்ளுவண்டியைச் சுற்றிக் கூட்டம் நிற்பது இதற்குத்தான். தட்டைகளை அடுக்கி, சட்னி தடவி, காய் வைத்து மூடுகிற அந்தக் கைவேகத்தைப் பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு.

பத்துப் பேருக்கு ஆளுக்கு மூன்று செட் என்றால் அறுபது தட்டை. எழுபதாக வாங்குங்கள், பத்து உடைந்திருக்கும். பெரிய தட்டை வேண்டாம், வாய்க்குள் போகாமல் கடிக்கும்போது எல்லாம் மடியில் கொட்டும். கடைக்காரரிடம் இருப்பதிலேயே சின்னதாக, மெல்லியதாகக் கேளுங்கள். வீட்டிலேயே சுட்டால் இன்னும் நல்லது. ஆனால், அதை இரண்டு நாள் முன்னால் முடித்து டப்பாவில் போட்டுவிடுங்கள். அன்றைக்கே தட்டை சுட உட்கார்ந்தால் மறுபடியும் பஜ்ஜி கதைதான்.

பச்சைச் சட்னிக்கு ஒரு கட்டு கொத்தமல்லி, கால் கட்டு புதினா, நாலு பச்சை மிளகாய், சின்னத் துண்டு இஞ்சி, உப்பு, அரை மூடி எலுமிச்சைச் சாறு. காரச் சட்னிக்கு எட்டு காய்ந்த மிளகாயை வெந்நீரில் இருபது நிமிஷம் ஊறவைத்து, பத்துப் பல் பூண்டு, எண்ணெயில் சுருள வதக்கிய இரண்டு தக்காளி, உப்பு சேர்த்து அரையுங்கள். இரண்டிலுமே தண்ணீர்தான் எதிரி. கரண்டியில் எடுத்தால் வழியக் கூடாது, உட்கார வேண்டும். இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் பதத்தில் அரைத்தீர்களானால் தட்டை இரண்டே நிமிஷத்தில் நமத்துவிடும். நான் முதல் தடவை செய்தபோது அப்படித்தான் ஆனது. என் நாத்தனார் ஒன்றும் சொல்லாமல் ஸ்பூன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்!

சட்னிகளை முந்தின நாள் ராத்திரியே அரைத்து ஃபிரிட்ஜில் வைக்கலாம். பீட்ரூட் இரண்டு, கேரட் மூன்றைக் காலையில் துருவி, தனித்தனி டப்பாவில் மூடி வையுங்கள். உப்பை மட்டும் அப்போது போடாதீர்கள். உப்பு பட்டால் காய் தண்ணீர் விடும், தண்ணீர் விட்டால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன். வெங்காயம் கடைசி ஒரு மணி நேரத்தில். துருவுகிற வேலை வீட்டு ஆண்களுடையது. பீட்ரூட் கறை சட்டையில் படும் என்று சாக்குச் சொன்னால் பழைய சட்டையை எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். செட்டுகளை நீங்கள் செய்து தட்டில் அடுக்கி நீட்டாதீர்கள். எல்லாவற்றையும் கிண்ணம் கிண்ணமாக நடுவில் வைத்துவிட்டு நீங்களும் உட்காருங்கள். முதல் இரண்டை மட்டும் செய்து காட்டினால் போதும், மற்றதை அவரவரே செய்துகொள்வார்கள். காரம் ஆகாதவர் சிவப்பைத் தொட மாட்டார். குழந்தைகள் கேரட்டை மலைபோல் குவிப்பார்கள். புதிதாக வந்த மாப்பிள்ளைகூட, 'அந்தப் பச்சைச் சட்னியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க' என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். அதிலேயே பேச்சு தொடங்கிவிடும்.

கையில் தட்டு இல்லாமல் சாப்பிட வாழை இலையைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி வைத்துவிடுவேன். சிலர் செய்தித்தாளைக் கிழித்துக் கொடுக்கிறார்கள். அச்சு மை உணவில் கலக்கும் என்பதால் அதைச் செய்யக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே பலமுறை சொல்லியிருக்கிறது.

தட்டுவடை மட்டும் போதாது என்று நினைத்தால் கடற்கரைச் சுண்டல். கால் கிலோ காய்ந்த பட்டாணியை எட்டு மணி நேரம் ஊறவைத்து, உப்புப் போட்டு இரண்டு, மூன்று விசில். குழையக் கூடாது. தாளித்து இறக்கி, பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காயும் மாங்காயும் கடைசியில். சின்னக் கிண்ணங்களில் போட்டு வைத்தால் அவரவர் எடுத்துக்கொள்வார்கள். ஒரு எச்சரிக்கை: சமைத்த பண்டத்தை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதிலும் தேங்காய் சேர்த்த சுண்டல் நம் ஊர் வெயிலில் சீக்கிரம் ஊசிப்போகும். பாதியை வெளியே வைத்து, பாதியை ஃபிரிட்ஜில் வையுங்கள்.

'சூடா ஒண்ணுமே இல்லையா?' என்று கேட்கும் மாமனார்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குழிப்பணியாரம். ஏழு குழிக் கல்லில் ஒரு ஈடு ஐந்து நிமிஷம், நாற்பது பணியாரம் என்றால் அரை மணி நேரம். ஆனால், இது பஜ்ஜி மாதிரி முரண்டு பிடிக்காது. முன்னதாகவே சுட்டு, ஹாட் பாக்ஸில் துணி விரித்துப் போட்டு மூடினால் ஒரு மணி நேரத்துக்கு இளஞ்சூடாக, மெத்தென்று இருக்கும். பல் இல்லாதவர்களுக்கும் ஆகும். டீயையும் முன்னாலேயே போட்டு ஃபிளாஸ்க்கில் ஊற்றிவிடுங்கள். ஃபிளாஸ்க் டீ மரியாதைக் குறைவு என்று யாரும் எழுந்து போய்விட மாட்டார்கள்.

இனிப்புக்கு நான் அடுப்பே பற்றவைப்பதில்லை. கோவில்பட்டி கடலை மிட்டாய் வாங்கி உடைத்து வைத்துவிடுவேன். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய், அதைவிடவா நான் நன்றாகச் செய்துவிடப் போகிறேன்? ஐந்து வயதுக்குக் கீழே குழந்தைகள் வருகிறார்கள் என்றால் மட்டும் தட்டை உயரத்தில் வையுங்கள். முழுக் கடலை தொண்டையில் சிக்கும். அவர்களுக்கு வாழைப்பழம் போதும். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர் யாராவது உண்டா என்றும் முன்பே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

போன மாதம் பெரியம்மா சேலத்துக்கு வந்தார். வயது எண்பதை நெருங்குகிறது. அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறார். அக்கா வருகிறாள் என்றதும் காலையிலேயே கடலை மாவு டப்பாவைத் தேட ஆரம்பித்துவிட்டார். நான் அதை எங்கே வைத்தேன் என்று கடைசிவரை சொல்லவில்லை.

சாயங்காலம் மேஜையில் கிண்ணங்களைப் பரப்பி, அம்மாவை பெரியம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். இரண்டு தடவை எழுந்திருக்கப் பார்த்தார். "எங்கேடி போறே? எல்லாம் இங்கேதானே இருக்கு, உக்காரு" என்று பெரியம்மா முந்தானையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

பெரியம்மாவுக்குக் கட்டுப்பல். தட்டையைக் கடிக்க முடியாது. அதற்கும் சேலத்தில் வழி இருக்கிறது, நொறுக்கல். உடைந்த தட்டைகளைக் கையால் நொறுக்கி, காய், வெங்காயம், இரண்டு சட்னி, நாலு சொட்டு எலுமிச்சை விட்டுக் கிளறினால், கொஞ்ச நேரத்தில் ஊறி மெத்தென்று ஆகிவிடும். சட்னியில் நமத்துப்போவது இங்கே மட்டும் நல்லது. அம்மா நொறுக்கினார், பெரியம்மா கிளறினார். பேச்சு எங்கெங்கோ போய், அந்தப் பம்பாய் வருஷங்களுக்கு வந்தது. வளையலை எந்தக் கடையில் விற்றார், என்ன விலை கொடுத்தான், திரும்பி வரும்போது பஸ்ஸில் எப்படி அழுதார் என்று பெரியம்மா சொல்லச் சொல்ல, அம்மா ஒன்றும் சொல்லாமல் தட்டையை நொறுக்கிக்கொண்டே இருந்தார். இருபது தட்டையாவது இருக்கும்.

"போதும்டி, யாரு இவ்வளவு தின்கிறது?" என்றார் பெரியம்மா.

"நீ சொல்லுக்கா" என்றார் அம்மா.

அடுத்த தடவை காரச் சட்னி இன்னும் கொஞ்சம் கூடுதலாக அரைக்க வேண்டும். அன்றைக்கு அதுதான் முதலில் தீர்ந்தது.